மூன்று தடவை பார்த்த ரத்தம்

இந்தக் கதையில் என் புருஷனை 'அவன்' என்றுதான் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து வாய் நிறைய 'என்னங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க' என்று சொல்லியாகிவிட்டது. கொடுத்த மரியாதை போதும். யாருக்காவது இது உறுத்தினால் வேறு கதை படித்துக்கொள்ளுங்கள்.

அவன் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறான். கீழே ரத்தம் எடுக்கும் இடம், மாடியில் மிஷின்கள். அங்கே இருப்பவர்களில் அவன்தான் சீனியர். ரத்தம் எடுப்பதில் அவன் கை அப்படி ஒரு கை. நரம்பே தட்டுப்படாத பருத்த ஆளாக இருந்தாலும் சரி, கூப்பாடு போடும் குழந்தையாக இருந்தாலும் சரி, ஒரே குத்துதான். "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று ஜனங்கள் ஆச்சரியப்படுவார்கள். அவன் பஞ்சை அழுத்தியபடி ஒரு சிரிப்பு சிரிப்பான். புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். அவன் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்ப்பான். "மாப்பிள்ளைக்குக் கை குடுக்கும்போது உஷாரா இருங்கப்பா, ஒரு சிரிஞ்சு உருவிடுவாரு" என்று என் அண்ணன் கிண்டலடிப்பான். எங்கள் வீட்டில் யாராவது இரண்டு தும்மல் போட்டால் அவன் ஊசியோடு வந்து நிற்பான்.

நான் சட்டைக் கம்பெனியில் தைக்கிறேன். சட்டை என்னிடம் வரும்போது அதற்கு உடம்பு இருக்கும், கை இருக்காது. நான் கை வைத்து அனுப்ப வேண்டும். எங்கள் மிஷினில் மேஜைக்கு அடியில், வலது முழங்கால் பக்கம் ஒரு தகடு தொங்கும். அதை முழங்காலால் தள்ளினால் துணியை அழுத்திப் பிடித்திருக்கும் பாதம் தூக்கிக்கொள்ளும். கையை எடுக்காமலே துணியைத் திருப்பலாம். வேகமாகத் தைக்கிறவளுக்கு அந்த இடம் எப்போதும் கன்றிப்போய் இருக்கும். அது இல்லாதவளை எங்கள் லைனில் 'நேற்று வந்தவள்' என்போம். ஆகவே என் காலில் நீலம் நீலமாகத் திட்டு வந்தபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. நானும்தான். "ரொம்ப உழைக்காதேடி, கம்பெனியை உன் பேருக்கா எழுதிவைக்கப் போறாங்க?" என்று காலர் அக்கா சிரித்தாள். பக்கத்து மிஷின்காரி. சேர்ந்த நாளிலிருந்து காலர் மட்டுமே தைப்பதால் அந்தப் பெயர்.

நீலம் மட்டும் இல்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெயிலில் நடந்து வந்தால் இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து எரியும். சீப்பை எடுத்தால் கொத்தாக முடி. வாய்க்குள் புண். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். விரலுக்குத் தையல் வேலை, முடிக்குக் குழாய்த் தண்ணீர், சோர்வுக்குச் சோம்பேறித்தனம். கடைசிக் காரணம் அத்தை கொடுத்தது. அத்தை என்றால் அவனைப் பெற்றவள்.

இதற்கு நடுவில் என் வயிற்றில் ஒன்று தங்கி, நாலாம் மாசம் கலைந்துபோனது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் திராணி இல்லை. "அடுத்ததுக்கு முன்னாடி எல்லா டெஸ்ட்டும் பார்த்துடலாம்" என்றார் அப்போது பார்த்த டாக்டர். வெளியில் எதற்கு, நானே பார்க்கிறேன் என்றான் அவன். சமையலறை ஸ்டூலில் என்னை உட்கார வைத்து ரத்தம் எடுத்தான். ஒரே குத்து, வலிக்கவே இல்லை. குழாய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான். சாயங்காலம் பார்த்தால் குத்தின இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். அவன் கை பட்டு யாருக்கும் அப்படி வந்ததில்லை.

"பஞ்சை நல்லா அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்ல" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றான். எடுத்தான். அப்புறம் மறுபடியும். மூன்றாம் தடவை நான் கையை நீட்டியபோது அவன் விரல் நடுங்கியது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் நடுங்குகிறான் என்று நினைத்து, "ஒண்ணும் இருக்காதுங்க, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று நானே அவனுக்குத் தைரியம் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று வேலை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அவன்?"

"எவன்?" என்றேன். நிஜமாகவே புரியவில்லை.

"நடிக்காதே. வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ். மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் பாசிட்டிவ். நானே என் கண்ணால பார்த்தேன். என் ரத்தத்தையும் போட்டுப் பார்த்துட்டேன், எனக்கு இல்ல. அப்ப உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அத்தைக்கு அந்த எழுத்துகள் புரியவில்லை. அவன் நிதானமாக விளக்கினான். தப்பான சகவாசத்தால் வருகிற வியாதி, அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இது என்று. பெற்ற அம்மாவிடம், கட்டின பெண்டாட்டியைப் பற்றி. அத்தை மடித்துக்கொண்டிருந்த என் புடவையைக் கையிலிருந்து கீழே போட்டாள்.

"என்னங்க பேசறீங்க? கம்பெனி விட்டா வீடு, வீடு விட்டா கம்பெனி. எனக்குத் தூங்கவே நேரம் பத்தல. இதுல..."

"நீ பொய் சொல்லலாம். ரத்தம் சொல்லாது" என்றான். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "புள்ள ஏன் கலைஞ்சுதுன்னு இப்பத்தானே தெரியுது" என்றான்.

கையில் அப்போது எதுவும் இல்லாமல் போனது அவன் அதிர்ஷ்டம். வீட்டில் இத்தனை கத்தரிக்கோல் இருந்தும் ஒன்றுகூட எட்டவில்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். அத்தை அவற்றைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் தனியாக வைத்தாள். சோப்பு தனி, வாளி தனி. அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனான். போனால் போகட்டும். ஆனால் சும்மா போனானா? தன் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னான். என் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

அண்ணன் வந்தான். எனக்காக நாலு வார்த்தை பேசுவான் என்று வாசலுக்கு ஓடினேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிடும்மா. நான் பேசிச் சரிக்கட்டிடறேன். மாப்பிள்ளை படிச்சவரு, அதே தொழில்ல இருக்கறவரு, சும்மாவா சொல்வாரு?" என்றான்.

"எதைடா சரிக்கட்டப் போறே?" என்றேன். சின்ன வயசில் சண்டையில்கூட அவனை 'டா' போட்டதில்லை. முகம் சுண்டிப்போய்க் கிளம்பிவிட்டான். அன்றைக்கே ஏன் பெட்டியைத் தூக்கவில்லை என்று கேட்பீர்கள். எந்த வீட்டுக்குத் தூக்குவது? அந்த அண்ணன் வீட்டுக்கா?

கம்பெனிக்கு மட்டும் விடாமல் போனேன். அங்கேதான் நான் மனுஷியாக இருந்தேன். ஒருநாள் லைனில் வெள்ளைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. தையலில் குனிந்திருந்தேன். சொட்டு சொட்டாகச் சிவப்பு விழுந்தது. விரலில் ஊசி ஏறிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. மூக்கு. சூப்பர்வைசர் பறந்து வந்தார். "சட்டை! சட்டை! ஐயோ, சட்டையை எடுங்க!" சட்டையைத்தான் காப்பாற்றினார், மகராசன். காலர் அக்கா என் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். ஒரு துணி நனைந்தது, இன்னொன்று நனைந்தது, நிற்கிற வழியாக இல்லை.

"உன் வீட்டுக்காரருக்குப் போன் போடட்டுமா?"

"வேண்டாம்" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லைனே திரும்பிப் பார்த்தது. அக்கா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு சிடுசிடுப்பான அம்மா. மூக்கில் பஞ்சை அடைத்துவிட்டு, என் கையைத் திருப்பினார், காலைப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"அது மிஷின்ல இடிக்கறது டாக்டர். முழங்காலால ஒரு தகடு தள்ளணும். எங்க எல்லாருக்குமே இருக்கும்."

"எந்தக் காலால தள்ளுவீங்க?"

"வலது கால்."

"சரி. இடது கால்ல இருக்கறது எந்த மிஷின்?"

நான் குனிந்து பார்த்தேன். காலர் அக்காவும் குனிந்தாள். இடது தொடை, கெண்டைக்கால், கணுக்கால், எல்லா இடத்திலும் நீலம். முழங்காலுக்குக் கீழே எறும்பு கடித்த மாதிரி பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். தினமும் கழுவுகிற காலை நானே பார்த்திருக்கவில்லை. எங்கள் லைனில் நீலம் என்றால் மிஷின். அதற்குமேல் யோசிக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வாய்ப்புண் உண்டா, வெயில் ஒத்துக்கொள்கிறதா, காலையில் விரல் மடங்குகிறதா, கரு ஏதும் கலைந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இதற்கு முன் ரத்தம் பார்த்ததுண்டா என்று கேட்டபோது தயங்கினேன். காலர் அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். நின்றால் நிற்கட்டும் என்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"மூணு தடவை எடுத்தும் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவாம் டாக்டர். எனக்கு அந்த வியாதியாம். சத்தியமா நான் எங்கேயும் போகல."

காலர் அக்கா என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இங்கேயும் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரர். லேப்ல இருக்கார்."

"நான் சொல்லும்போது அவரை வரச் சொல்லுங்க. முதல்ல நீங்க படுங்க."

படுக்கையில் சேர்த்தார்கள். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் என் உடம்பில் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. தலைக்குள் கசிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். என்னென்னவோ டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவெல்லாம் வந்த பிறகு டாக்டரம்மா அவனை வரச் சொன்னார். நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க மனைவிக்கு லூபஸ்" என்றார் டாக்டரம்மா. என் பக்கம் திரும்பி, "கிருமியை அடிக்க வேண்டிய சக்தி உங்க உடம்பையே அடிக்குதும்மா. மூட்டு, தோல், ரத்தம், எல்லாத்தையும். சிலபேருக்கு முதல்ல ரத்தத்துலதான் தெரியும்" என்றார். பிறகு அவனிடம், "வி.டி.ஆர்.எல். கிருமியை நேரா பார்க்கற டெஸ்ட்டா?"

"இல்ல டாக்டர்."

"லூபஸ்ல அது பொய்யா பாசிட்டிவ் காட்டும். தெரியுமா?"

"படிச்சிருக்கேன்."

"பாசிட்டிவ் வந்தா என்ன செய்யணும்?"

"அந்தக் கிருமிக்குன்னே இருக்கற டெஸ்ட்டைப் போட்டு உறுதி பண்ணணும்."

"போட்டீங்களா? நான் போட்டேன். நெகட்டிவ். உங்க மனைவிக்கு அந்த வியாதி இல்ல, எப்பவும் இருந்ததில்ல."

அவன் மென்று முழுங்கினான். "அதை வெளியே ஒரு லேபுக்கு அனுப்பணும் டாக்டர். பேரோட போகும். எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சிடும்... மானம் போயிடும்னு..."

மானம்! லேப் ஆட்களுக்குத் தெரிந்தால் போகுமாம். என் அண்ணனுக்கும் அவன் தங்கச்சிக்கும் தெரிந்தால் போகாதாம். நான் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பிளேட்லெட் எவ்வளவு காட்டுச்சு?"

"கம்மியாத்தான் காட்டுச்சு. வீட்ல எடுத்து, பாக்கெட்ல வெச்சுக் கொண்டுபோனது. குழாய்லயே கட்டியிருக்கும்னு நினைச்சேன்."

லேபில் அது நடக்கிற விஷயம்தானாம். குழாய்க்குள் ரத்தம் திரண்டுவிட்டால் மிஷினுக்கு எண்ணத் தெரியாது, குறைத்துச் சொல்லும். அதனால் எண்ணிக்கை குறைந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை.

"ஸ்லைடு போட்டுப் பார்த்தீங்களா?"

அவன் மறுபடியும் ஷூவைப் பார்த்தான்.

"வெள்ளணுவும் கம்மியா இருந்திருக்குமே. மூணு தடவை எடுத்தீங்களே, மூணு தடவையுமா குழாய்ல கட்டிச்சு?"

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது. என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த மிஷின் அவனிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறது. அதை அவன் நம்பவில்லை. நான் கெட்டுப்போனவள் என்று ஒரு டெஸ்ட் சொன்னது. அதை மட்டும் நம்பினான். அதை நம்புவதற்கு அவன் மனசு ஏற்கெனவே எங்கேயோ தயாராக இருந்திருக்கிறது.

"மூணு தடவை என் ரத்தத்தைப் பார்த்தியே" என்றேன். அவனிடம் நான் முதன்முதலாக ஒருமையில் பேசியது அப்போதுதான். "ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டியா? வந்ததும் யாருன்னு கேட்டே. உண்டா இல்லையான்னு கேட்டியாடா?"

டாக்டரம்மா மேஜையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அவன் அழுதான். அழட்டும். பிறகு டாக்டரம்மா என்னிடம், "கரு கலைஞ்சதுக்கும் இதே காரணமா இருக்கலாம்மா. நீங்க எதுவும் தப்பு பண்ணல. கிட்னி தப்பிச்சிருக்கு, அதுவரைக்கும் நல்லது. மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா அடுத்ததைப் பத்திக்கூட யோசிக்கலாம்" என்றார். அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அதுவும் பாதி கோபம்தான்.

மாத்திரைப் பையோடு வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது. என் தட்டையும் டம்ளரையும் அத்தை பளபளவென்று தேய்த்து மற்ற பாத்திரங்களோடு கலந்து வைத்திருந்தாள்.

"தெரியாம நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

நான் என் டம்ளரைத் தேடி எடுத்து மறுபடியும் ஜன்னல் விளிம்பிலேயே வைத்தேன். "அது அங்கேயே இருக்கட்டும் அத்தை. நீங்க காலையில எழுந்ததும் முதல்ல அதைப் பாருங்க" என்றேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. அதில் தண்ணீர் பிடித்துத்தான் மாத்திரை போடுகிறேன்.

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். யார் யாரிடம் சொன்னாயோ அவர்கள் அத்தனை பேரிடமும் போய், அதே வாயால் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். அவன் என் அண்ணனுக்குப் போன் போட்டு, "ரிப்போர்ட்ல ஒரு சின்ன மிஸ்டேக் மச்சான்" என்றான். சின்ன மிஸ்டேக்! போனைப் பிடுங்கி, "ரிப்போர்ட் சரியாத்தான்ணா இருந்துச்சு, அதைப் படிச்ச ஆம்பளையும் கேட்டு நம்பின ஆம்பளையும்தான் சரியில்ல" என்று சொல்லிக் கட் பண்ணினேன். தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறானாம். பழியைச் சொல்லும்போது நேரம் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் தடவைக்கு அவன் காலையிலேயே ஸ்டூலைப் போட்டு, ஊசி, பஞ்சு எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தான். "வெளிய எதுக்கு? நான் எடுத்தா உனக்கு வலிக்காது." நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே வந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற இடத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகிற வயசு. என் முழங்கையைத் தட்டினார், தடவினார், குத்தினார். கிடைக்கவில்லை. ஊசியை உள்ளேயே வைத்துத் துழாவினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "ஸாரிம்மா" என்று எடுத்துவிட்டுப் பக்கத்தில் குத்தினார். அதுவும் தப்பு.

கதவருகில் நின்ற அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் விரல்கள் ஊசி பிடிக்கிற மாதிரி தானாகவே மடங்கின. ஓர் அடி உள்ளே வந்து, "சார், நரம்பு கொஞ்சம் உள்பக்கமா ஓடும்... எனக்குத் தெரியும். நான் வேணா எடுத்துத் தரட்டுமா?" என்றான்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா இவரு?"

"தெரியாதுங்க" என்றேன், இன்னொரு கையை நீட்டியபடி. "நீங்க குத்துங்க."